புகை போய்ச் சேரும் இடம்



பாசிர் கூடாங் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, ஆலைகளின் புகைக்கூண்டுகள். மற்றொன்று, புக்கிட் லாயாங் லாயாங் குன்றில் நடக்கும் அனைத்துலகப் பட்டத் திருவிழா. நாம் கற்பிப்பது இவ்வூருக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துப் பள்ளியில். மாணவர்களை ஒருமுறை அக்குன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். எல்லாரும் அண்ணாந்து பட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் வேறு பக்கம் திரும்பி நின்றான். தொலைவில் ஒரு புகைக்கூண்டிலிருந்து எழுந்த புகை வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"டீச்சர், அந்தப் புகை கொஞ்ச தூரம் போனதும் காணாமப் போயிடுதே. அது எங்க போகுது?" என்றான்.

கலைந்து போகிறது என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் அது விடை அன்று என்று பட்டது. கலைந்து போவது வேறு, இல்லாமல் போவது வேறு அல்லவா? சாம்பிராணித் தூபம் முன்கூடத்தில் கண்ணுக்கு மறைந்த பிறகும் அடுப்படியில் இருப்பவர் மூக்குக்கு எட்டுகிறது. மணம் தெரியாத அளவுக்கு நீர்த்துப்போன பிறகும் அது எங்கோ இருக்கத்தான் செய்கிறது. அந்த 'எங்கோ' எது என்பதை அறிய உலகமெங்கும் அறிவியலாளர் என்ன செய்கிறார்கள், அதற்கும் நம் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்பதே இன்றைய பேச்சு.

பாசிர் கூடாங் மக்களுக்குக் காற்று மாசு என்றால் 2019ஆம் ஆண்டு நினைவுக்கு வராமல் இராது. அந்த ஆண்டு மார்ச் மாதம் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டினார்கள். அதிலிருந்து கிளம்பிய ஆவியை முகர்ந்து ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலும் வாந்தியுமாக மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் மாதத்தில் மறுபடியும் பிள்ளைகள் மூச்சுக்குத் தவித்தார்கள். அந்த நாள்களில் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளைத் தோட்டத்தில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். "தோட்டத்துல நல்ல காத்து இருக்கு டீச்சர்" என்பதே அவர்கள் சொன்ன காரணம். அது சரியான முடிவுதான். கொட்டிய இடத்தருகே ஆவி அடர்த்தியாக இருக்கும், விலகிப் போகப் போகக் குறையும். மூக்கு எரிந்தால் ஓடலாம்.

ஆனால், மூக்குக்குத் தெரியாத மாசு ஒன்று உண்டு. அது ஒரே நாளில் யாரையும் மருத்துவமனைக்கு அனுப்புவதில்லை. புகைக்கூண்டே இல்லாத இடங்களுக்கும் அது போய்ச் சேருகிறது. தோட்டத்துக் காற்று நல்ல காற்று என்பதை நாமும் கேள்வி கேட்காமல்தான் நம்பியிருந்தோம். அந்த மாணவன் கேட்ட பிறகு பள்ளியில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம்.

மூன்று வெள்ளை அட்டைகளை எடுத்து வாசலின் தடவினோம். ஒன்றை லோரிகள் ஓடும் ஆலைச் சாலையோரத்தில் ஒரு கடைக்காரரின் அனுமதியோடு தொங்கவிட்டோம். இன்னொன்றைத் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குப் பின்னால், செம்பனை வரிசையின் ஓரத்தில் கட்டினோம். மூன்றாவது அட்டையின் கதை பிறகு வருகிறது. ஒரு வாரம் சென்று எடுத்துப் பார்த்தால், சாலையோர அட்டை சாம்பல் நிறமாகிக் கரித்துகள் அப்பியிருந்தது. தோட்டத்து அட்டையும் வெள்ளையாக இல்லை. செம்மண் தூசியும், மஞ்சள் நிறத்தில் மகரந்தமும், உற்றுப் பார்த்தால் சில கரும்புள்ளிகளும் இருந்தன. பிள்ளைகள் எண்ணிப் பார்த்துச் சாலை தோற்றது, தோட்டம் வென்றது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: "உண்மையிலேயே சுத்தமான காத்துன்னா அட்டை எப்படி இருக்கும் டீச்சர்?"

நல்ல கேள்வி. இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வியே அதுதான். தராசில் ஒரு பொருளை நிறுக்க வேண்டுமானால் முதலில் வெறுந்தட்டு சமமாக நிற்கவேண்டும். காற்றுக்கு அந்த வெறுந்தட்டு எங்கே இருக்கிறது?

மனிதர் வாழாத தொலைவில் என்று எண்ணித்தான், அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் கீலிங் 1958இல் பசிபிக் கடல் நடுவே ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், மூவாயிரத்து முந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில், கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அங்கே கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடிப்பவர், காற்று வரும் திசையை நோக்கி நடந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மூடியைத் திறப்பார். அவர் விடும் ஒரு மூச்சில் உள்ள கரியமில வாயுவே கணக்கைக் கெடுத்துவிடும்! ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவு முனையில் கேப் கிரிம் என்னும் நிலையம் 1976 முதல் இயங்குகிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் வெறுங்கடலைக் கடந்து காற்று வீசும் நேரங்களில் கிடைக்கும் அளவை மட்டுமே அங்கே தூய காற்றின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். நிலப்பக்கமிருந்து காற்று திரும்பினால் அந்த நேரத்துக் கணக்கு வேறு ஏட்டில். 1978 முதல் அந்தக் காற்றை உருளைகளில் அடைத்துச் சேமித்தும் வருகிறார்கள். வருங்காலத்தில் புதிய கருவி வந்தால் பழைய காற்றைத் திறந்து அளக்கலாமே என்ற எண்ணம். பாட்டி ஊறுகாய் போட்டு வைப்பதைப் போல என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

நம் நாட்டிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. சுற்றுச்சூழல் துறை தொழிற்சாலை மிகுந்த பாசிர் கூடாங்கில் காற்றை அளக்க நிலையம் அமைத்தது. அதற்கு எதிர்முனையாகப் பகாங் மாநிலத்தின் ஜெராண்டுட்டில், பெருநகரங்களுக்கு எட்டாத் தொலைவில், ஒரு பின்புல நிலையத்தை வைத்தது. ஜெராண்டுட்டின் எண் தெரிந்தால்தான் பாசிர் கூடாங்கின் எண்ணுக்குப் பொருள் தெரியும். இன்னும் தொலைவில், சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்குக் கன்னிக்காட்டில், புக்கிட் ஆத்துர் என்னும் குன்றின்மேல் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் உயர்ந்த கோபுரம் நிற்கிறது. உலக வானிலை அமைப்பின் கண்காணிப்பு வலையில் அதுவும் ஒரு கண்ணி.

இப்படித் தொலைதூரத்தில் போய் உட்கார்ந்தவர்கள் கண்டதென்ன? தூய காற்று என்று நம்பிப் போன இடத்திலும் ஊர்ப்புகை தங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள்.

இதில் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவரின் பங்கு பெரிது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் இராமநாதன், பிற்காலத்தில் அமெரிக்காவில் வளிமண்டல அறிவியலாளராகப் புகழ்பெற்றார். 1999ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்தியப் பெருங்கடலில் நடந்த ஒரு பெரிய ஆய்வை நடத்தியவர்களில் அவர் முதன்மையானவர். மாலத்தீவின் காஷிதூ என்னும் சின்னஞ்சிறு தீவில் நிலையம் அமைத்தார்கள். கப்பல்களும் விமானங்களும் கடல்மேல் அளந்தன. நீலக்கடலின் மேல் பழுப்பு நிறப் படலம் ஒன்று ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம்வரை மிதப்பதைக் கண்டார்கள். அதில் அடுப்புக்கரியும் வாகனப் புகையும் ஆலைப்புகையும் கலந்திருந்தன. கடற்பரப்பில் விழவேண்டிய வெயிலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது தடுத்தது. வடகிழக்குப் பருவக்காற்று தெற்காசியாவின் புகையை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடலுக்குள் கொண்டுபோய் விட்டிருந்தது. அந்தத் தீவில் மீன் பிடித்து வாழ்பவர் எந்த ஆலையை நடத்தினார்?

நம் கரைக்கும் அதே பருவக்காற்று வருகிறது. கிளந்தானின் பாச்சோக் கடற்கரையில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டு தொடக்கத்தில், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஆய்வாளர்கள் அங்கே காற்றைப் பிடித்து அளந்தார்கள். குளிர்காற்று வேகமாக இறங்கி வரும் நாள்களில் கிழக்காசியத் தொழில் நகரங்களின் வாயுக்கள் சில நாள்களிலேயே அந்தக் கடற்கரைக்கு வந்து சேர்வது தெரிந்தது. அவற்றில் ஓசோன் படலத்தை அரிக்கும் குளோரின் சேர்மங்களும் இருந்தன. வெப்பமண்டலத்தின் இடிமேகங்கள் அவற்றை மிக உயரத்துக்குத் தூக்கிச் செல்லக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் கவலை.

எல்லா மாசும் ஒரே தூரம் போவதில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். கனமான தூசி சாலையோரத்திலேயே விழுந்துவிடும். மென்கரி ஒரு வாரம்வரை மிதந்து மழையோடு இறங்கும். கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு மாதம் அலையும், மீத்தேன் பத்தாண்டு அளவு தங்கும். கரியமில வாயுவின் ஒரு பகுதியோ நூற்றாண்டுகளுக்குக் காற்றை விட்டு அகலாது. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு ஆயுள் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரைதான். ஆனால் அவை ஒரு தந்திரம் செய்கின்றன. 'பான்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சேர்மத்துக்குள் புகுந்துகொண்டு, குளிர்ந்த மேற்காற்றில் உறங்கியபடியே நெடுந்தூரம் போகின்றன. வெப்பமான இடத்தில் கீழே இறங்கியதும் விழித்து வெளியே வருகின்றன. பேருந்தில் தூங்கிப் போய் வேற்றூரில் கண் விழிக்கும் பயணியைப் போல.

இனி நம் செம்பனைக்கு வருவோம். தோட்டத்தாருக்கு இதுதான் முக்கியமான இடம்.

2008ஆம் ஆண்டு டானும் பள்ளத்தாக்கின் அந்தக் கோபுரத்திலும், லஹாட் டத்து வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திலும், இரண்டுக்கும் மேலே பறந்த விமானத்திலுமாக ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் ஹியூவிட்டின் தலைமையில் அதன் முடிவு 2009இல் வெளிவந்தது. காடும் தோட்டமும் ஐசோப்ரீன் என்னும் ஆவியை வெளிவிடுகின்றன. காட்டைவிடச் செம்பனைத் தோட்டம் பல மடங்கு கூடுதலாக வெளிவிடுகிறது. ஐசோப்ரீன் நமக்கு அந்நியமன்று. 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்பவர் ரப்பரைச் சூடாக்கி வடித்தபோது கிடைத்த பொருள்தான் அது. நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் வாளி ஏந்திச் சேர்த்த பாலில் இருந்த ரப்பர், ஐசோப்ரீன் அலகுகள் சங்கிலியாகக் கோத்த பொருளே. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டோம். அங்கேயும் அதே பொருள் ஆவியாய் நிற்கிறது.

மரம் விடும் மூச்சு கெடுதலா என்று கேட்பீர்கள். தனியாக இருக்கும்வரை அதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் அது சேரும் கூட்டாளியைப் பொறுத்தது. நெருப்பு மிகச் சூடாக எரியும் இடத்திலெல்லாம், லோரி இயந்திரமோ ஆலைக் கொதிகலனோ கப்பலோ எதுவானாலும், நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. வெயில் பட்டதும் நைட்ரஜன் டையாக்சைடு தன் ஆக்சிஜன் அணு ஒன்றைக் கைவிடுகிறது. அந்த அணு, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. சாதாரணமாக, அணுவைக் கொடுத்தவரே சற்று நேரத்தில் வந்து ஓசோனிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். கொடுத்த கடனை வசூலித்ததுபோல் கணக்கு நேராகிவிடும். ஐசோப்ரீன் இடையில் வந்தால் கதை மாறுகிறது. அது சிதையும்போது பிறக்கும் பொருள்கள், கடன் கொடுத்தவருக்கு வேறு ஆக்சிஜன் அணுவைக் கொடுத்து அந்தக் கடனைத் தாமே அடைத்துவிடுகின்றன. ஆகவே அவர் ஓசோனிடம் வசூலுக்கு வருவதில்லை. ஓசோன் அப்படியே நிற்கிறது. அவரோ புதிதாகக் கடன் கொடுக்கக் கிளம்பிவிடுகிறார். இப்படியே சுற்றிச் சுற்றி ஓசோன் சேர்ந்துகொண்டே போகும்.

வானத்தின் உயரத்தில் ஓசோன் நமக்குக் குடை. மூக்கருகே அது நஞ்சு. நுரையீரலை அரிக்கும், ஆஸ்துமாக்காரரைத் துன்புறுத்தும், பயிரின் விளைச்சலையும் குறைக்கும்.

2008இல் அளந்தபோது காட்டின்மேலும் தோட்டத்தின்மேலும் ஓசோன் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. காரணம், அங்கே நைட்ரஜன் ஆக்சைடு குறைவு. கூட்டாளி வரவில்லை. ஆனால், ஐரோப்பிய, வட அமெரிக்க நாட்டுப்புறங்களில் காணும் அளவுக்கு நைட்ரஜன் ஆக்சைடு அங்கே பெருகினால், நூறு கோடிப் பங்கு காற்றில் ஓசோன் 100 பங்கை எட்டும் என்று அவர்களின் கணக்கு காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் எட்டு மணி நேரச் சராசரிக்கு வகுத்துள்ள வரம்பு இந்த அளவில் ஏறத்தாழ 50 மட்டுமே. கூட்டாளி ஆலையிலிருந்துதான் வரவேண்டும் என்பதுமில்லை. மரத்தடியில் கொட்டும் நைட்ரஜன் உரத்தில் ஒரு பகுதி மண்ணிலிருந்தே ஆக்சைடாகக் கிளம்புகிறது. மழை பார்த்து, அளவு பார்த்து உரம் போடச் சொல்லும் பழைய மண்டோரின் கண்டிப்பு காசை மிச்சப்படுத்த மட்டுமன்று என்று இப்போது தெரிகிறது.

டானும் பள்ளத்தாக்கில் கூட்டாளிகள் நெடுந்தூரம் பிரிந்திருக்கிறார்கள். பாசிர் கூடாங்கைச் சுற்றிலும் அப்படியா? ஒருபுறம் துறைமுகமும் ஆலைகளும் நெடுஞ்சாலையும், மறுபுறம் செம்பனை. 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியபோது இங்கே ஊர் சிறியது. 2020இல் அது மாநகரமானது. நாட்டின் நிலப்பரப்பிலோ 1974இல் நூற்றுக்கு ஒரு பங்காக இருந்த செம்பனை, அந்த ஆய்வு வெளிவந்த காலத்தில் 13 பங்காகியிருந்தது. இரு கூட்டாளிகளும் வளர்ந்து ஒருவரை ஒருவர் நெருங்கி வந்திருக்கிறார்கள். இன்னொரு விந்தையும் உண்டு. வாகன நெரிசல் மிகுந்த சாலையில் ஓசோன் குறைவாக இருப்பதுண்டு, வசூலிப்பவர் அங்கேயே நிறைய இருப்பதால். காற்று சில கிலோமீட்டர் நகர்ந்து, வெயிலும் மரங்களின் ஆவியும் சேர்ந்த பிறகுதான் அது ஏறும். ஆகவே, புகைக்கூண்டு கண்ணில் படாத ஒரு தோட்டத்துத் திடலில், நண்பகல் கழிந்த வெயிலில், ஊர்ச் சந்தியைவிட அதிக ஓசோன் இருக்க வாய்ப்புண்டு. வாசலின் தடவிய அட்டையில் இது விழாது, வாயு அல்லவா. புறஊதா விளக்கொளியைக் குழாயினுள் செலுத்தி, காற்றிலுள்ள ஓசோன் அதில் எவ்வளவைக் குடித்துவிடுகிறது என்று பார்க்கும் கருவி வேண்டும். அது நம்மிடம் இல்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னோம். தோட்டம் வென்றது என்று கரும்பலகையில் எழுதியிருந்ததை, அந்தச் சிறுமியே எழுந்து வந்து பாதி அழித்துவிட்டு, "தூசியில்" என்று முன்னால் சேர்த்து எழுதினாள். பிறகு மற்றவர்கள் விளையாட்டு நேரத்தைப் பற்றிக் கேட்டார்கள். இப்போது நம் பள்ளியில் ஓட்டப்பயிற்சி காலையில் நடக்கிறது.

மூன்றாவது அட்டையின் கதை பாக்கி இருக்கிறது. ஒரு மாணவனின் அத்தை ஜெராண்டுட்டில் வசிக்கிறார். பின்புல நிலையம் இருக்கும் ஊராயிற்றே, அங்கே ஓர் அட்டை தொங்கட்டும் என்று தபாலில் அனுப்பினோம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஆவலோடு பிரித்தால், மூன்றில் அதுதான் மிகவும் அழுக்கு! நடுவில் ஓர் எறும்பு, ஓரத்தில் மஞ்சள் பட்ட விரல் அடையாளம், எங்கும் கரி. பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். தொலைபேசியில் விசாரித்தபோது, "மழையில நனைஞ்சிடும்னு அடுப்படி ஜன்னல்ல மாட்டி வெச்சேன்பா" என்றார் அத்தை. மௌனா லோவாவில் மூச்சை அடக்கிக்கொண்டு குடுவை திறப்பவரைப் பற்றி அன்றுதான் வகுப்பில் சொன்னோம். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அத்தைக்கு இன்னொரு அட்டை போயிருக்கிறது. மேலே கூரைபோல் ஒரு பிளாஸ்டிக் மூடி ஒட்டி, வீட்டிலிருந்து இருபது அடி தள்ளித் துணிக்கொடிக் கம்பத்தில் கட்டச் சொல்லி, மாணவர்களே கடிதம் எழுதியிருக்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது என்று தினமும் ஒரு வரி குறித்து வைக்கும்படியும் கேட்டிருக்கிறார்கள். அட்டை இன்னும் வந்து சேரவில்லை.